பேராசிரியருக்கு ஒரு கடிதம்

"பையன் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டான். வெளிநாடு போய் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்க ஆசைப்படுகிறான். யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும், சார்?"

ஒரு தையற்கடைக்காரர் என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பிள்ளை அந்தப் பையன்தான்.

யாரையும் பிடிக்க வேண்டாம் என்றேன். எந்தப் பேராசிரியரிடம் படிக்க விரும்புகிறானோ, அவருக்கே பையன் எழுதட்டும் என்றேன்.

அவர் திடுக்கிட்டார். "பெரிய மனிதர் ஆயிற்றே! முன்பின் தெரியாதவன் எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டாரா?"

இந்தப் பயம் பல வீடுகளில் இருக்கிறது. படித்த குடும்பத்துப் பிள்ளைகள் கூசாமல் எழுதிவிடுகிறார்கள். மற்றப் பிள்ளைகள் சிபாரிசு தேடி அலைகிறார்கள்.

1913-ம் ஆண்டு ஜனவரி மாதம். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா. மாதச் சம்பளம் 30 ரூபாய். கல்லூரிப் பரீட்சையில் தேறாதவர். இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற கணித அறிஞருக்கு அவர் கடிதம் எழுதினார். அந்தக் குமாஸ்தா யார் தெரியுமா? அவர்தான் கணித மேதை ராமானுஜன்.

அவர் ஹார்டியை வானளாவப் புகழவில்லை. தான் யார், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று சில வரிகள் எழுதினார். பிறகு ஹார்டியின் புத்தகத்தில் விடை இல்லை என்று சொல்லியிருந்த ஒரு கேள்வியைக் குறிப்பிட்டு, அதற்கு விடை கண்டிருப்பதாகச் சொன்னார். தன் கணக்குகளையும் பக்கம் பக்கமாக இணைத்தார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த விடை சரியல்ல என்று பின்னால் தெரிந்தது! அதனால் குடி முழுகிவிடவில்லை. மற்றக் கணக்குகள் ஹார்டியை அசர வைத்தன.

அதற்கு முன் வேறு இரண்டு கேம்பிரிட்ஜ் அறிஞர்களுக்கும் ராமானுஜன் எழுதியிருந்தார். அவர்களால் உதவி கிடைக்கவில்லை. ஹார்டி பதில் எழுதினார். அவரும் எடுத்த எடுப்பில், "இடம் தருகிறேன்" என்று சொல்லிவிடவில்லை, நிரூபணம் கேட்டார். 1914-ல் ராமானுஜன் கப்பல் ஏறினார்.

எல்லாப் படிப்புக்கும் இப்படி எழுதிப் பயன் இல்லை. தமிழ்நாட்டில் பி.இ. கலந்தாய்வில் மார்க்கும் தரவரிசையும்தான் பேசும். ஆராய்ச்சிப் படிப்பு வேறு. ஜெர்மனி போன்ற நாடுகளில் வழிகாட்டும் பேராசிரியரை மாணவரே தேடிக்கொள்வது வழக்கம். இப்போது தபால் தலைகூட வேண்டாம். மின்னஞ்சல் போதும்.

அந்தப் பேராசிரியர் எழுதிய கட்டுரை ஒன்றையாவது முதலில் படிக்க வேண்டும். அதில் தோன்றிய கேள்வியை எழுதலாம். என்ன படித்தோம், என்ன செய்தோம் என்று சொல்லலாம். இந்த ஆண்டு புது மாணவர் எடுக்கிறாரா என்று நேராகக் கேட்கலாம். ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பேருக்கு அனுப்பினால், படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

தையற்கடைப் பையன் கடிதம் எழுதிக்கொண்டு வந்தான். முதல் பக்கம் முழுவதும் புகழ்ச்சி! அதை அடித்தேன். மிஞ்சியது பத்து வரி. அதுவே போனது.

நேற்று கடைப் பக்கம் போனேன். காஜா எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "பத்து நாள் ஆயிற்று. இன்னும் பதில் இல்லையே, சார்?"

"இன்னும் ஒரு வாரம் பாருங்கள். பிறகு ஒரு வரி நினைவூட்டி எழுதட்டும்" என்றேன். "அதற்குள் அடுத்த பேராசிரியரின் கட்டுரையைப் படிக்கச் சொல்லுங்கள்."