வேற்றுமை உருபு தெரிந்தவளுக்கு ஆங்கிலம் கடினமா?

ஆங்கிலக் கட்டுரை என்றதும் நம்மில் பலர் அகராதியைப் புரட்டி நீளமான பெயரடைகளைத் தேடுகிறோம். ஆனால் நம்மைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் அந்தப் பெயரடைக்குப் பின்னால் வரும் சின்னஞ்சிறு முன்னிடைச்சொல்தான். 'குட்' என்ற சொல் யாருக்குத்தான் தெரியாது? அதன்பின் 'அட்' வருமா, 'இன்' வருமா என்பதில்தான் பேனா நின்றுவிடுகிறது.

இதற்குக் காரணம் மாணவிகளின் சோம்பல் அல்ல என்பதே என் கருத்து. தமிழில் சிந்திக்கும் மனம் தமிழின் வேற்றுமை உருபையும் கூடவே கொண்டுபோகிறது. 'கணிதத்தில் கெட்டிக்காரி' என்று நினைப்பவள் 'குட் இன் மெத்ஸ்' என்று எழுதுகிறாள். திறமையைச் சொல்லும்போது 'குட் அட்' என்பதே வழக்கு. 'அவரோடு கல்யாணம்' என்பது 'மெரிட் வித்' ஆகிறது. சரியானது 'மெரிட் டு'. 'என்னைவிட மூத்தவர்' என்பது 'சீனியர் தேன் மீ' ஆகிறது. ஆனால் சீனியர், ஜூனியர், சுப்பீரியர் ஆகியவை லத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டுச் சொற்கள். அவற்றின்பின் 'டு' வர வேண்டும்.

அப்படியானால் தமிழ் நமக்குத் தடையா? இல்லவே இல்லை. 'விளையாட்டில் ஆர்வம்' என்பதிலுள்ள 'இல்' உருபுதான் 'இன்ரஸ்டட் இன்' என்பதில் இருக்கிறது. 'இதற்குப் பொறுப்பு' என்பதிலுள்ள 'கு' உருபை 'ரெஸ்பொன்சிபிள் ஃபொர்' என்பதில் காணலாம். 'அதிலிருந்து வேறுபட்டது' என்பது அப்படியே 'டிஃபரன்ட் ஃப்ரொம்'. ஆகவே தமிழோடு ஒத்துப்போகும் சொற்களை ஒரு பட்டியலாகவும், ஒத்துப்போகாதவற்றை இன்னொரு பட்டியலாகவும் பிரித்தால், இரண்டாவதை மட்டும் மனனம் செய்தால் போதும். வகுப்பறைகளில் இடைவெளி நிரப்பும் பயிற்சிகளோடு இந்த ஒப்பீட்டையும் சேர்த்துக் கற்பித்தால் எவ்வளவு இலகுவாக இருக்கும்!

"கருத்து விளங்கினால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். சில இடங்களில் கருத்தே மாறிவிடுகிறதே! 'டயர்ட் ஃப்ரொம்' என்றால் வேலை செய்து களைத்திருக்கிறேன் என்று பொருள். 'டயர்ட் ஒஃப்' என்றால் அந்த வேலையே சலித்துவிட்டது என்று பொருள். ஓர் ஆசிரியை விடுமுறைக் கடிதத்தில் இரண்டாவதை எழுதினால் அதிபர் என்ன நினைப்பார்? பேசும்போது முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். எழுத்தில் நமது முகம் இல்லை. சொல் மட்டுமே இருக்கிறது.

உயர்தரத்தில் பொது ஆங்கிலப் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. அதனால் நாமும் அதை ஓரமாக வைத்துவிடுகிறோம். பெற்றோரும் மற்றப் பாடங்களின் புள்ளிகளையே முதலில் கேட்கிறார்கள். ஆனால் மருத்துவமும் பொறியியலும் படிக்கப் போகிறவளுக்கு அங்கே விரிவுரையும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான். தமிழ்மொழியில் படித்துத் திறமையாகச் சித்தியடைந்தவள், அங்கே விடை தெரிந்தும் எழுதத் தயங்குவது பெரிய இழப்பல்லவா?

தோழிகளே, ஒரு பெயரடையைக் குறிப்பெடுக்கும்போது அதைத் தனியே எழுதாதீர்கள். 'அஃப்ரெய்ட்' என்று எழுதாமல் 'அஃப்ரெய்ட் ஒஃப்' என்று ஒரே சொல்போல எழுதுங்கள். பக்கத்தில் உங்கள் வீட்டைப் பற்றியே ஒரு வசனம் அமையுங்கள். பெற்றோரே, பிள்ளை ஆங்கிலத்தில் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். திருத்தத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எட்டு வேற்றுமையையும் தடங்கலின்றி ஒப்புவிக்கத் தெரிந்த நமக்கு, இந்தச் சின்னச் சொற்கள் எட்டாக்கனி அல்ல.