மாணவரா? ஊழியரா?

சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த முன்னாள் மாணவர் ஒருவர் என்னைக் காண இல்லத்திற்கு வந்தார். இயற்பியல் பயின்றவர், பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் ஈராண்டுகள் என்னிடம் பாடம் கேட்டவர். இன்று அமெரிக்காவில் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவராகவும் ஆய்வக உதவியாளராகவும் இருக்கிறார். பேச்சினிடையே, "ஐயா, நான் அங்கே தொழிற்சங்க உறுப்பினர்" என்றார். மாணவருக்கு ஏது தொழிற்சங்கம் என்று வியந்தேன். தனியார் பல்கலைக்கழகங்களில் கற்பித்தலிலும் ஆராய்ச்சியிலும் உதவும் மாணவர்கள் ஊழியர்களே என்று 2016ஆம் ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் அந்நாட்டுத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் தீர்ப்பளித்ததை அவர் விளக்கினார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆனால் எங்கள் பல்கலைக்கழகத்திற்காகப் பந்தாடும் பையன் ஊழியன் இல்லையாம், ஐயா. அவன் ஆட்டத்தைப் பார்க்கப் பல்லாயிரம் பேர் காசு கொடுத்து வருகிறார்கள். என் ஆய்வகத்தை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, நான் ஊழியன்!" என்றார்.

அன்று நானும் உடன் சிரித்தேன். ஆயினும் அக்கூற்று பல நாள் மனத்தை விட்டு அகலவில்லை. தேடிப் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வழக்குகளில் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று மூத்த பேராசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். இவ்வழக்கின் உயிர் ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. சொல்லை ஆராய்வது எங்கள் துறைக்கு உரிய வேலைதானே.

அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டை நம் கல்லூரி விளையாட்டு விழாவோடு ஒப்பிட்டு எண்ணுதல் கூடாது. அவர்கள் கால்பந்து என்று சொல்வதும் நம்முடைய கால்பந்து அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியினர்மீது உடலால் மோதி வீழ்த்தும் ஆட்டம் அது. 1905ஆம் ஆண்டு அவ்வாட்டத்தில் இளைஞர் பலர் உயிரிழந்தனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே தலையிட நேர்ந்தது. அதன் விளைவாக 1906இல் தோன்றிய அமைப்பே பின்னர்த் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஆயிற்று. மாணவர் உடலைக் காக்கப் பிறந்த அச்சங்கம், 2010ஆம் ஆண்டு தன் கூடைப்பந்துப் போட்டியை மட்டும் ஒளிபரப்பும் உரிமையைப் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்றது. ஆடியவர்களுக்கு அதில் ஊதியமாக ஒரு டாலரும் இல்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'ஸ்டூடன்ட் அத்லெட்' என்பர். 'மாணவ வீரர்' எனலாம். இச்சொல் இயல்பாய் வழக்கில் பிறந்ததன்று, ஒரு நோக்கத்தோடு ஆக்கப்பட்டது. 1951 முதல் 1987 வரை அச்சங்கத்தின் நிருவாகத் தலைவராய் இருந்த வால்ட்டர் பயர்ஸ் என்பாரே இதனை ஆக்கி, சங்க விதிகளில் எல்லாம் கட்டாயமாகப் புகுத்தியவர். காரணம் என்ன? டென்வர் பல்கலைக்கழகத்தில் பந்தாடிக் காயமுற்ற நெமத் என்ற மாணவர் இழப்பீடு கேட்டார். வளாகத்தில் அவருக்குத் தரப்பட்டிருந்த வேலை, பந்தாட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஆகவே அவர் ஊழியரே என்று 1953இல் கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. கல்லூரிகள் கலங்கின. 1955இல் அதே மாநிலத்தில் ரே டென்னிசன் என்ற மாணவர் ஆட்டக்களத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கோரினார். கல்லூரி பந்தாட்டத் தொழில் நடத்தவில்லை என்று கூறி, 1957இல் அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்கு அஞ்சியே அச்சொல்லைப் படைத்ததாக, ஓய்வு பெற்றபின் 1995இல் வெளியிட்ட தம் நூலில் பயர்ஸே ஒப்புக்கொண்டார். முதுமையில் அவர் காட்டிய நேர்மையைப் பாராட்டலாம். டென்னிசனின் குடும்பத்திற்கு அதனால் பயன் ஏதுமில்லை.

இச்சொல்லைத் தமிழில் விரித்துப் பார்க்கலாம். உம்மைத்தொகையாக விரித்தால் மாணவரும் வீரரும் என இருவேறு ஆள்களைக் குறிக்கும். இருபெயரொட்டுப் பண்புத்தொகையாக விரித்தால் மாணவராகிய வீரர் என ஒருவரையே குறிக்கும். சங்கம் விரும்பியது பின்னதை. மாணவர் என்ற முன்சொல் நிற்கும்வரை ஊழியர் என்ற சொல் உள்ளே நுழைய இயலாது என்பது அதன் கணக்கு.

அக்கணக்கு எவ்வளவு உறுதியாக நின்றது என்பதற்கு ஒன்று சொல்லலாம். 1974இல் டெக்சஸ் கிறித்தவப் பல்கலைக்கழகத்திற்காக ஆடிய கென்ட் வால்ட்ரெப் என்ற இளைஞர், களத்தில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். இழப்பீடு கோரிப் பல ஆண்டுகள் போராடினார். அவர் ஊழியர் அல்லர் என்று 2000ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு கூறியது. விழுந்தது இருபது வயதில். விடை கிடைத்தது இருபத்தாறு ஆண்டுகள் கழித்து.

இப்பின்னணியில்தான் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வழக்கை நோக்க வேண்டும். சிகாகோ நகருக்கு அருகிலுள்ள தனியார் பல்கலைக்கழகம் அது. கெய்ன் கோல்ட்டர் என்ற ஆட்டக்காரரின் தலைமையில் அதன் கால்பந்து அணியினர் 2014 சனவரியில் சங்கம் அமைக்க உரிமை கேட்டுத் தொழிலாளர் உறவு வாரியத்தை அணுகினர். மார்ச்சு 26ஆம் நாள் வாரியத்தின் வட்டார இயக்குநர், உதவித்தொகை பெறும் அவ்வாட்டக்காரர்கள் ஊழியர்களே என்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பில் கண்ட செய்திகள் கல்லூரி ஆசிரியர் ஒவ்வொருவரும் அறியத்தக்கவை. ஆட்டப் பருவத்தில் வாரத்திற்கு 40 முதல் 50 மணி நேரம் அவர்கள் பந்தாட்டத்திற்கே செலவிட்டனர். பருவத்திற்கு முந்தைய ஆகஸ்டுப் பயிற்சி முகாமில் அது 50 முதல் 60 மணி நேரமாயிற்று. எங்கே தங்குவது, வெளியில் வேலை பார்க்கலாமா, சமூக வலைத்தளத்தில் எதை எழுதலாம் என்பன எல்லாம் பயிற்றுநரின் கட்டுப்பாட்டில் இருந்தன. 2003 முதல் 2012 வரை அவ்வணியால் பல்கலைக்கழகத்திற்கு வந்த வருவாய் ஏறத்தாழ 23.5 கோடி டாலர்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது ஒரு சிறு செய்தி. மருத்துவம் பயில வேண்டும் என்பது கோல்ட்டரின் கனவு. அதற்கு வேதியியல் பாடம் ஒன்று கட்டாயம். இரண்டாம் ஆண்டில் அவ்வகுப்பு காலைப் பயிற்சியோடு மோதியது. பயிற்சி நின்றது, பாடம் போயிற்று. கோடைக்காலத்தில் அதைப் படிக்க நேர்ந்து, பிற பாடங்களில் பின்தங்கி, இறுதியில் உளவியலுக்கு மாறினார். மாணவர் என்ற முன்சொல்லின் உண்மை நிலை இதுதான். கேள்வித்தாள் திருத்தும் காலங்களில், வருகைப் பதிவேட்டில் விளையாட்டு வீரர்களின் பெயருக்கு நேரே 'பணி நிமித்தம்' என்று குறித்துவிட்டு நகரும் நம் பழக்கமும் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அவர்கள் தவறவிட்ட பாடத்தை யார் நடத்தினோம்?

அவர்கள் முதலில் கேட்டது ஊதியமும் அன்று. தலைக்காயத்திற்குப் பாதுகாப்பு, கல்லூரியை விட்ட பின்னும் தொடரும் மருத்துவ உதவி, காயமுற்றாலும் பறிபோகாத உதவித்தொகை, பட்டம் முடிக்கத் துணை ஆகியவற்றையே கேட்டனர். ஒரு தந்தை தன் மகனுக்காகக் கேட்கக்கூடியவை இவை. 2014 ஏப்ரல் 25ஆம் நாள் வாக்களித்தனர். பல்கலைக்கழகம் மேல்முறையீடு செய்திருந்ததால் வாக்குகள் எண்ணப்படவில்லை. 2015 ஆகஸ்டில் தலைமை வாரியம் இவ்வழக்கைத் தான் ஏற்கப்போவதில்லை என்று கைகழுவியது. அரசுப் பல்கலைக்கழகங்கள் வாரியத்தின் ஆளுகைக்கு உட்படாதவை; நார்த்வெஸ்டர்ன் ஆடிய கூட்டமைப்பிலோ அது ஒன்றே அன்று தனியார் நிறுவனம். ஓரணிக்கு மட்டும் சங்கம் என்றால் நிலைகுலைவு நேரும் என்பது வாரியத்தின் வாதம். ஆட்டக்காரர்கள் ஊழியரா அல்லரா என்ற வினாவுக்கு அது விடையே சொல்லவில்லை. அவ்வாக்குகள் இன்றுவரை எண்ணப்படாதவை.

மறுப்போரின் கருத்தை நான் எளிதாய்த் தள்ளிவிடவில்லை. கல்லூரிக்குள் தொழிற்சங்கம் புகுந்தால் ஆசிரியர் மாணவர் உறவு முதலாளி தொழிலாளி உறவாகிவிடும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. மாணவனை ஊழியன் என்று அழைக்க என் நாவும் கூசுகிறது. எனினும் அவ்வுறவைச் சங்கமா உண்டாக்கியது? காலையில் எழும் நேரத்தையும் படிக்கும் பாடத்தையும் பயிற்றுநர் விதித்த அன்றே அது உண்டாகிவிட்டது. சங்கம் அதற்குப் பெயரிடுகிறது, அவ்வளவே. கல்லூரி ஆசிரியராகிய நாமும் சங்கம் வைத்திருக்கிறோம். அதனால் நம் வகுப்பறை கெட்டதென்று நிருவாகப் பெரியோரும் சொல்லமாட்டார் என்றே நம்புகிறேன்.

உதவித்தொகையே ஊதியம்தானே, இலவசக் கல்வி போதாதா என்பர் சிலர். தகுதிக்குத் தரும் உதவித்தொகை, மாணவர் நன்கு படிக்கும்வரை தொடரும். விளையாட்டு உதவித்தொகையோ 1973 முதல் ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படுவதாக மாற்றப்பட்டது. பல ஆண்டுகளுக்குச் சேர்த்து வழங்க 2012இல்தான் மீண்டும் இசைவு கிடைத்தது. பயிற்றுநர் விரும்பினால் தொடரும், விரும்பாவிடில் நிற்கும் தொகைக்கு நம் ஊரில் என்ன பெயர் வழங்குகிறோம்?

வலிமையான மறுப்பு வேறொன்று. பெருவருவாய் ஈட்டுவன கால்பந்தும் ஆடவர் கூடைப்பந்தும் மட்டுமே. நீச்சல், ஓட்டம், மகளிர் ஆட்டங்கள் பெரும்பாலும் அவ்வருவாயைச் சார்ந்தே நிற்கின்றன. எல்லாருக்கும் ஊதியம் என்றால் சிற்றணிகள் கலைக்கப்படலாம். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெண்கள் பெற்ற இடம் சுருங்கிவிடக்கூடும். அயல்நாட்டு மாணவர்க்கும் இடர் உண்டு. மாணவர் விசாவில் செல்வோர் கல்விப் பருவத்தில் வளாகத்திற்குள் வாரம் 20 மணி நேரத்திற்குமேல் வேலை செய்தல் கூடாது என்பதை நம் பிள்ளைகளை அங்கே அனுப்பியுள்ள பெற்றோர் நன்கறிவர். 45 மணி நேரம் ஆடும் அயல்நாட்டு வீரர் ஊழியரானால் அவர் விசா என்னாவது? இவ்வினாக்களுக்கு என்னிடம் முழு விடை இல்லை.

டார்ட்மவுத் கல்லூரி வழக்கு இந்தத் தயக்கத்தை இன்னும் கூட்டுகிறது. அங்கே விளையாட்டுக்கென உதவித்தொகையே இல்லை. அணியால் இழப்பே என்றது கல்லூரி. ஆயினும் அவ்வணியின் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் ஊழியர்களே என்று 2024 பிப்ரவரியில் வட்டார இயக்குநர் ஒருவர் தீர்ப்பளித்தார். மார்ச்சு 5ஆம் நாள் 13க்கு 2 என்ற வாக்கில் சங்கம் சேர்ந்தனர். கல்லூரி பேச்சுக்கே வரவில்லை. வாரியத்தின் உறுப்பினர் மாறும் சூழலில், பாதகமான முன்தீர்ப்பு வந்துவிடலாகாதென்று அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் நாள் மனு திரும்பப் பெறப்பட்டது. உதவித்தொகையும் இல்லை, வருவாயும் இல்லை என்ற இடத்தில் ஊழியர் என்ற சொல் சற்று நீட்டப்பட்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது. நார்த்வெஸ்டர்ன் வழக்கில் அவ்வையம் எழவில்லை.

இதற்கிடையே பணம் வந்துவிட்டது. 2014இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தை வாகை சூடவைத்த ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுத்ததுண்டு என்று வெளிப்படையாகக் கூறினார். அடுத்த சில நாள்களிலேயே உணவு வழங்கும் விதி தளர்ந்தது. 2021 சூனில், கல்விசார்ந்த சலுகைகளுக்குச் சங்கம் விதித்த வரம்பு செல்லாதென்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமனதாய்த் தீர்ப்பளித்தனர். அடுத்த மாதமே தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்திற்குத் தந்து பொருளீட்ட மாணவர்க்கு இசைவு கிட்டியது. 2025 சூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் வழங்கப்பட வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2025-26இல் 2 கோடியே 5 இலட்சம் டாலர்வரை தன் ஆட்டக்காரர்களுடன் நேரடியாகப் பகிர்ந்துகொள்ளலாம்.

இனிச் சங்கம் எதற்கு என்று கேட்பது இயல்பு. என் கருத்து இவ்விடத்தில்தான் உறுதிப்படுகிறது. அந்நாட்டுத் தொழில்முறைக் கால்பந்திலும் ஊதியத்திற்கு உச்சவரம்பு உண்டு. அவ்வரம்பு ஆட்டக்காரர் சங்கத்தோடு பேசி முடிவானது. பேச்சின்போது காயம், ஓய்வு, பயிற்சி நேரம் அனைத்தும் மேசைக்கு வந்தன. கல்லூரி வரம்போ வழக்கறிஞர்கள் பேசி முடித்தது. புகழ்பெற்ற சிலருக்குப் பெருந்தொகை கிடைக்கும். மாற்றாட்டக்காரனாய் ஓரத்தில் அமர்ந்திருந்து முழங்கால் முறிந்தவனுக்கு, நாற்பதாம் வயதில் மருத்துவச் செலவை யார் தருவார் என்பதைப் பேச இன்றும் மேசை இல்லை. பணத்தைத் தனித்தனியே வாங்கிவிடலாம். பாதுகாப்பைக் கூடிநின்றே கேட்க முடியும்.

எனவே ஆட்டத்தால் பெருவருவாய் ஈட்டி, மாணவரின் பொழுதை முழுவதும் ஆளும் கல்லூரிகள், அம்மாணவரை ஊழியராக ஏற்று, அவர்தம் சங்கத்தோடு பேசுவதே முறை என்பேன். அரசுப் பல்கலைக்கழகங்களையும் உள்ளடக்கிச் சட்டம் செய்யும் அதிகாரம் அந்நாட்டு நாடாளுமன்றத்திற்கு உண்டு. சிற்றணிகளுக்கும் டார்ட்மவுத் போன்ற கல்லூரிகளுக்கும் வேறு ஏற்பாடு காணலாம். ஒப்பந்தத்தின் முதல் விதி ஊதியம் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. வேதியியல் வகுப்பு எத்தனை மணிக்கு என்பதைக் கேட்டறிந்துகொண்டு, அதன்பின் பயிற்றுநர் பயிற்சி நேரத்தைக் குறிக்கட்டும்.