சித்தப்பாவின் கெப்பும் பம்ப் இஸ்க்ரூவும்

ஸ்பிரிங்வெளிப் பக்கம் கெப் வச்சிருக்கிற யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்க. ஐந்தாவது நிமிஷத்தில் "பவர் பத்தல தம்பி" என்பார். எங்க சித்தப்பாவும் அப்படித்தான். அவருடையது பழைய டொயோட்டா ஹைலக்ஸ். டூ-எல் டீசல் எஞ்சின், டர்போ கிடையாது. மூன்று லட்சத்துச் சொச்சம் கிலோமீற்றரில் மீட்டர் கேபிள் அறுந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு ஓடியதென்று அவருக்கே தெரியாது. விடியக்காலையில் மரக்கறி மூட்டை, பகலில் மா, சீனி, கேஸ் சிலிண்டர், ராத்திரியில் லயத்தில் யாருக்காவது சுகமில்லை என்றால் பதுளை ஆஸ்பத்திரி. எல்லாத்துக்கும் அந்த ஒரே கெப்.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு கராஜில் டீசல் பம்புக்குப் பின்னால் இருக்கிற சின்ன இஸ்க்ரூவைத் திருப்பி "பவர் ஏத்தி"க் கொடுத்தாங்க. முதல் வாரம் சித்தப்பா ராஜாதான். ரெண்டு மாசத்தில், கோவா மூட்டையோடு மேடு ஏறும்போது ரேடியேட்டர் கொதித்து ஹெட் கேஸ்கட் போனது. வண்டி மூன்று வாரம் நின்றது. சம்பாத்தியமும்தான்.

அந்த இஸ்க்ரூ செய்வது ஒரே வேலை: அதிக டீசலை உள்ளே அனுப்பும். ஆனால் டீசல் எரியக் காற்று வேணும். பதுளை டவுனே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரம். நாம் அதற்கும் மேலே ஏறுகிற ஆட்கள். 1000 மீற்றர் ஏறினால் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறையும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த அளவு மூச்சுக் குறைவு. உயரமான இடங்களுக்காகச் செய்த சில டீசல் பம்புகளில், மேலே போகப்போக டீசலைத் தானாகவே குறைக்கிற ஒரு கருவி வைத்தார்கள். நாம நேர் தலைகீழாகச் செய்றோம். எரியாத மிச்சம் கறுப்புப் புகையாகப் போகுது. டீசலுக்காக 2022இல் வரிசையில் ராத்திரி பகலாகக் கிடந்த ஊர் இது. காசு கொடுத்து வாங்கிய அதே டீசலை, ரோட்டோரம் கொழுந்து எடுக்கிற அம்மாமார் முகத்தில் ஊதிவிட்டுப் போறோம். புகைச் சோதனைக்குப் போகும் முன் இஸ்க்ரூவைக் குறைப்பதும், சான்றிதழ் கைக்கு வந்ததும் திரும்பக் கூட்டுவதும் நமக்கெல்லாம் தெரிந்த கதை. அதை விடுவோம்.

உண்மையில் எவ்வளவு பவர் வேணும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கெப்பும் சுமையும் ஆட்களும் சேர்த்து இரண்டரைத் தொன் என்று வைங்க. பத்தடிக்கு ஓரடி ஏறுகிற மேட்டில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போக 20 முதல் 25 குதிரைவலு போதும். அந்த எஞ்சின் புதுசில் கொடுத்தது ஏறத்தாழ 80. வயசுக்கும் உயரத்துக்கும் தாராளமாகக் கழித்தாலும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். அப்படியும் வண்டி மூச்சு வாங்குதென்றால் பவர் எங்கேயோ ஒழுகுது. ஒழுகுற வாளியில் இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தி என்ன பயன்?

சித்தப்பா கெப்பில் அது எங்கே ஒழுகியது தெரியுமா? ஹெட்டைக் கழற்றிய பாஸ்தான் ஒவ்வொன்றாகக் காட்டினார். எயார் ஃபில்டரில் தோட்டத்து ரோட்டுத் தூசி அப்பிக் கிடந்தது. தட்டினால் கொட்டியது செம்மண். டீசல் ஃபில்டர் எப்போ மாற்றியதென்று யாருக்கும் ஞாபகமில்லை. பின்பக்க பிரேக் ஷூ ஒன்று இறுகி, காலை எடுத்த பிறகும் சில்லைப் பிடித்துக்கொண்டே இருந்தது. அதாவது இத்தனை நாளாக பிரேக் போட்டபடியே மேடு ஏறியிருக்கார். எனக்குச் சிரிப்பு வந்தது கடைசி விஷயத்துக்குத்தான். எக்சிலேட்டர் கேபிள் தொய்ந்துபோய், பெடலை அடிவரை மிதித்தாலும் பம்ப் லீவர் முழுசாகத் திரும்பவே இல்லை. ஒரு நட்டை முறுக்கியதும் சரியானது. அதற்கு பாஸ் காசே கேட்கல.

பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று சித்தப்பா பெரிய டயரும் போட்டிருந்தார். டயரின் விட்டம் பத்து வீதம் கூடினால் ரோட்டைத் தள்ளுகிற விசை அதே அளவுக்குக் குறையும். எல்லா கியரும் ஒரு படி கனத்துப் போன மாதிரி. நம்ம பொடியன்மார் முதலில் செய்றது இதைத்தான். பிறகு பவர் காணல என்று தேடுவாங்க.

நோசிலைச் சோதித்து, வால்வ் இடைவெளி சரிசெய்து, கம்ப்ரெஷன் பார்த்த பிறகும் குறை இருந்தால் ரிங் தேய்ந்திருக்கும். அது பெரிய செலவு. செய்யத்தான் வேணும். டர்போ? தாய்லாந்துப் பக்கம் பழைய பிக்கப்பில் பெரிய டர்போ மாட்டிப் பந்தயம் விடுகிற வீடியோக்களை நானும் பார்க்கிறேன். மலைக்கு டர்போ நல்லதுதான், மறுக்கல. ஆனால் டர்போவோடு பிறந்த எஞ்சினின் பிஸ்டனும் எண்ணெய் ஓட்டமும் வேறு. நாலு லட்சம் ஓடிக் களைத்த எஞ்சினின் தலையில் அதைக் கட்டினால் முதலில் வெடிப்பது அந்தத் தலைதான். எஞ்சினையே மாற்றலாம் என்றால், புது எஞ்சின் இலக்கத்தைப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேணும். அதை மறந்துவிட்டு பொலிஸ் மறிக்கிற அன்றைக்குத்தான் பலருக்கு ஞாபகம் வரும்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். ஏறின வண்டி இறங்கணும். அந்த இரண்டரைத் தொன் 400 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும்போது வருகிற சூட்டில் ஏறத்தாழ 29 லீற்றர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். பெரிய கியரில் இறங்கினால் அவ்வளவும் நாலு பிரேக்கின் தலையில்தான் விழும். கெப்புக்குப் பவர் ஏறியது தெரிந்தால் சுமையும் கூடும். பத்து மூட்டை பதினைந்தாகும். பின் தட்டில் நாலு பேர் எட்டுப் பேராவாங்க. பிரேக் மட்டும் அதேதான் இருக்கும். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல-வெள்ளவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்ததை ஊவாவில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதனால் டர்போவுக்குச் சேர்த்த காசு யாரிடமாவது இருந்தால், முதலில் பிரேக் ஷூ, பிரேக் எண்ணெய், ரேடியேட்டர் என்று செலவழிங்க. ஏறின கியரிலேயே இறங்குங்க.

"புது வண்டி வாங்கலாமே" என்று கொழும்பில் இருக்கிற நண்பர்கள் லேசாகச் சொல்றாங்க. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் வண்டிகளுக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருஷத்தில் பழைய கெப்புக்கும் தங்கத்தின் விலை. திறந்த பிறகு வரி இருக்கிற இருப்பில், புதுசு நம்ம ஆட்களுக்கு எட்டாது. சித்தப்பா பேராசைப்பட்டு இஸ்க்ரூவைத் திருப்பல. அவரிடம் வேற வண்டி இல்லை. அதனால்தான் அந்த கராஜ்மேல் எனக்கு இன்னும் கோபம். பேனட்டைத் திறந்து ஃபில்டரைக்கூடப் பார்க்காமல் இஸ்க்ரூவைத் திருப்பிக் காசு வாங்கியிருக்காங்க.

இப்போ கெப் பழைய அளவு டயரில், பழைய இஸ்க்ரூ இடத்தில் ஓடுது. அதே மேட்டில் ஒரு கியர் குறைக்காமல் ஏறுது என்று சித்தப்பா சொல்றார். டர்போ ஆசையை இன்னும் விடல. ராத்திரியில் அந்த வீடியோக்களைப் பார்க்கிறார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் போனைக் கவிழ்த்து வச்சுக்கிறார்.