நிலம் இருந்தாத்தான் வெளிநாட்டுப் படிப்பா?

தோழர்களே, உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டைப் பெருமையா பேசுறோம். ஆனா 1,100 வருசத்துக்கு முந்தைய அந்த முறையில், நிலம் இல்லாதவர் பேர் குடத்துக்குள்ள போகாது!

இன்னிக்கும் அதே கதைதான். இங்கே ஒரு விவசாயக் கூலியின் மகளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைச்சாலும், ரூ.7.5 லட்சத்துக்கு மேல் கல்விக்கடன்னா வங்கிகள் பொதுவா சொத்து அடமானம் கேட்குது. சொத்துக்கு எங்கே போவாங்க? அடமானம் இல்லாமல் கடன் தரும் பிரதமர் வித்யாலட்சுமி திட்டமோ, உள்நாட்டுக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான்!

1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில்தான் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா போனார். அவரிடம் நிலப் பத்திரம் கேட்டிருந்தா?

ஏழை மாணவர்களின் வெளிநாட்டுப் படிப்புக்கும் அரசே பிணை நிற்கணும்! சரின்னு பட்டால் பகிருங்கள்.