மழை நாளுக்கும் வாடகையா?

போன வாரம் கைவினைக் கண்காட்சிக்கான விண்ணப்பப் படிவம் வந்தது. திறந்தவெளி மைதானம், நவம்பர் கடைசியில் பத்து நாள். கீழே பொடி எழுத்தில் வழக்கமான வரி: 'எக்காரணம் கொண்டும் கடை வாடகை திருப்பித் தரப்படமாட்டாது.' எந்தக் காரணத்தைச் சொல்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதா? மழையைத்தான்.

என் மனைவி துணிப்பையும் குரோஷா விரிப்பும் செய்கிறாள். கோட்டக்குப்பத்தில் அதை வாங்க யார் இருக்கிறார்கள்? முத்தியால்பேட்டையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால்தான் வியாபாரம். சில வருஷங்களுக்கு முன் 6,000 ரூபாய் கட்டி ஒரு கடை எடுத்தோம். நாலு சவுக்குக் கம்பு, மேலே துணிப் பந்தல், இரண்டு மேஜை. அவ்வளவுதான் கடை.

மூன்றாம் நாள் வானம் கறுத்தது. கடலுக்குப் போக வேண்டாமென்று மீனவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டாயிற்று. (எல்லையில் குடியிருப்பதால் விழுப்புரம் கலெக்டர் அறிவிப்பு, புதுச்சேரி அறிவிப்பு இரண்டையும் கேட்டாக வேண்டும், அது எங்கள் தலையெழுத்து.) கண்காட்சி மட்டும் 'வழக்கம்போல் நடைபெறும்' என்றார்கள். படகுக்கும் பள்ளிக்கும் ஆகாத காற்று, துணிப் பந்தலுக்கு மட்டும் ஆகுமா?

பக்கத்துக் கடைக்காரர் திருக்கனூர் பக்கத்திலிருந்து வந்தவர். காகிதக்கூழ் பொம்மை. அந்த ஊர் வேலைக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். பழைய காகிதத்தை ஊறவைத்து, அரைத்து, பசை சேர்த்து, அச்சில் அப்பி, வெயிலில் காயவைத்து, பிறகு வர்ணம் பூச வேண்டும். தண்ணீரில் பிறந்த பொம்மைக்குத் தண்ணீர்தான் எமன். வில்லியனூர் சுடுமண் என்றால் துடைத்து வைக்கலாம், இது ஊறிப்போகும். அந்த வரிசையில் ஒயர் கூடை விற்ற அம்மா ஒருவர்தான் கவலையில்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தூறல் விழுந்ததும் காரில் வந்த ஒருவர் எங்கள் பந்தலுக்குள் ஒதுங்கினார். 800 ரூபாய் பொம்மையைக் காட்டி, "எப்படியும் நனையத்தானே போகுது, 300க்குக் கொடுங்க" என்றார். பொம்மைக்காரர் தயங்கினார். நான் சும்மா இருந்திருக்கலாம். "கொடுத்துடுங்க, வந்தவரைக்கும் லாபம்" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன். அவரும் கொடுத்துவிட்டார்.

அன்று இரவு நல்ல மழை. எங்கள் விரிப்புகளில் சிவப்புச் சாயம் இறங்கி, பாதி வீணாயிற்று. பொம்மைகளை அவர் தார்ப்பாயில் சுற்றி மேஜைமேல் வைத்திருந்தார். ஒன்றுகூட நனையவில்லை. காலையில் பார்த்தால் பளீரென்று வெயில். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க பெரியவங்க சொன்னீங்களேன்னுதான் சார் கொடுத்தேன்" என்றார். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

பத்து நாளில் எங்களுக்கு விற்றது 4,350 ரூபாய். வாடகைக்கே காணாது. நான்கு நாள் மைதானத்தில் ஈ காக்கை இல்லை. அந்த நான்கு நாள் வாடகையையாவது கொடுங்கள் என்று போய்க் கேட்டேன். அந்தப் பொடி எழுத்தைக் காட்டினார்கள்.

நடத்துபவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். மைதானத்துக்கும் பந்தலுக்கும் கரண்டுக்கும் முன்பணம் கட்டியிருப்பார்கள். சுற்றுலாக்காரர்கள் வருவதும் அந்த மாதங்களில்தான். ஆனால் வடகிழக்குப் பருவமழையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதானே? தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு. அப்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை நாமெல்லாம் பார்த்தோம். இதைத் திடீர் இயற்கைச் சீற்றம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நாள் குறிக்கும்போதே தெரிந்த சங்கதி.

பொங்கல் கழித்து, தை மாசியில் நடத்தட்டுமே. காற்று அடங்கியிருக்கும், வெளியூர்க்காரர்களும் ஊரில் இருப்பார்கள். அகல்விளக்கு செய்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. கார்த்திகை தீபம் நடுமழையில்தான் வரும், தை மாதம் விளக்கை யார் வாங்குவார்கள்? அவர்களுக்குக் கல்யாண மண்டபம் மாதிரி கூரையுள்ள இடம் வேண்டும். நவம்பரில்தான் நடத்துவோம் என்றால், கனமழை எச்சரிக்கை வந்த நாளுக்கு வாடகையைக் கழிக்க வேண்டும், அல்லது அத்தனை நாள் கூட்டித் தர வேண்டும். மழையின் நஷ்டம் முழுவதையும் மேஜைக்குப் பின்னால் நிற்பவர் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

மனைவியிடம் படிவத்தைக் காட்டினேன். "போகலாங்க. ஆனா அந்த வரிய அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றாள். சிவப்புப் பேனாவால் அடித்து, மேலே சொன்னதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, படிவத்தோடு பின் போட்டு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.