விளக்குப் பிடிக்கும் கைகள்

நாடக விழா அழைப்பிதழ் ஒன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள். தலைவர், பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், மங்கள விளக்கேற்றுவோர் எனப் பட்டங்களோடு பெயர்கள் அணிவகுத்து நிற்கும். குத்துவிளக்கின் திரியொன்றைத் தொட்டு வைப்பவருக்கும் அங்கே ஒரு வரி உண்டு. ஆனால், இரண்டு மணி நேரம் மேடை முழுவதற்கும் ஒளி தந்து நிற்பவனுக்கு ஓர் எழுத்தும் இல்லை. அவன் வெறும் "லைட்காரன்". கதிரைகளோடும் ஒலிபெருக்கியோடும் சேர்த்து வாடகைக்கு வந்தவன்!

"விளக்குப் போடுவதும் ஒரு கலையா?" என வினவும் இரசிகப் பெருமக்களுக்கு வரலாறே விடை கூறும். 1959இல் கல்கத்தாவின் மினெர்வா அரங்கில் உத்பல் தத்தின் 'அங்கார்' மேடையேறியது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வாழ்வையும் சாவையும் கூறும் நாடகம் அது. சுரங்கத்தினுள் வெள்ளம் புகுந்து மனிதரை விழுங்கும் காட்சியைத் தாபஸ் சென் மேடையிற் படைத்தது நீரைக் கொண்டன்று, ஒளியைக் கொண்டு. பிறருடைய இலாபத்திற்காகத் தொழிலாளர் பலியாவதை மக்கள் தம் கண்ணெதிரே கண்டனர். அந்தக் காட்சியைப் படைத்தவரைக் கலைஞரல்லர் என்று கூற எவருக்குத் துணிவுண்டு?

தூரம் போவானேன்? மின்சாரம் எட்டாத எமது ஊர்களிலே விடிய விடிய ஆடிய கூத்துக்குப் பெற்றோமக்ஸ் ஒளி தந்தது. காற்றுக் குறையக் குறைய மங்கும் அவ்விளக்கை இறக்கி, பம்ப் அடித்து, மான்ரில் உதிராமல் மீண்டும் தூக்கிக் கட்டிய கைகள் இருந்தன. அண்ணாவியாரின் பெயரை ஊர் அறியும். அந்தக் கைகளுக்குரியவரின் பெயரை அறிந்தவர் யார்?

இப்புறக்கணிப்பு தற்செயலாக நேர்ந்ததன்று. சிந்திப்பவன் மேலோன், கையால் உழைப்பவன் கீழோன் என்ற பழைய சாதியச் சிந்தனை முற்போக்கு நாடகக்காரரின் உள்ளத்திலும் ஒளிந்திருக்கிறது. மேடையில் தொழிலாளியின் துயரைப் பேசுகிறோம். ஏணியில் நிற்கும் தொழிலாளிக்கோ ஒரு கோப்பை தேநீரும் கொடுக்க மறந்துவிடுகிறோம்.

இதனால் உயிருக்கும் ஆபத்து உண்டு. 230 வோல்ற்று மின்னில் 1000 வாற்று விளக்கொன்று நான்கு அம்பியருக்குச் சற்று மேலாக மின்னோட்டம் இழுக்கும். அத்தகைய நான்கு விளக்குகளை 13 அம்பியர் செருகி ஒன்றில் மாட்டினால் 17 அம்பியருக்கு மேலாகும். உருகி எரியும், அல்லது கம்பி எரியும். இந்தக் கணக்கை அறியாத ஒருவனைக் குறைந்த கூலிக்குப் பிடிப்பதைச் சிக்கனம் என்கிறோம். 1903 டிசெம்பர் 30இல் சிக்காகோவின் இரோக்குவா அரங்கில் மேடை விளக்கொன்றின் பொறி திரைச்சீலையிற் பற்றியது. 600 பேருக்கு மேல் மாண்டனர். வெளியேறும் வாயில்கள் பல பூட்டியிருந்தன. அரங்கின் உரிமையாளர் எவரும் தண்டிக்கப்படவில்லை.

மறுபுறத்தில், ஒளியைப் போற்றுவதாகக் கூறிக்கொண்டு அதனைச் சீரழிப்போரும் உளர். இன்றைய இசைக்குழுக்களின் மேடைகளைப் பாருங்கள். தாலாட்டானாலும் துள்ளிசையானாலும் அதே சுழல் விளக்குகள், அதே புகை! பாடகியின் முகம் தெரியாது. பார்ப்போரின் கண் கூசும். 1986இல் வகுக்கப்பட்ட டி.எம்.எக்ஸ். முறையில் ஒரே கம்பியினூடாக 512 சனல்களை ஆளலாம். ஆயின், எப்பொழுது விளக்கை அணைக்கவேண்டும் என்பதை அக்கம்பி சொல்லித் தராது. அதற்குப் பாட்டைக் கேட்கவேண்டும், பிரதியைப் படிக்கவேண்டும், ஒத்திகையில் முதல்நாள் தொட்டு உட்கார்ந்திருக்கவேண்டும். விளக்குகளை மறைக்காமல் வெளிப்படையாக வைத்து, வெண்ணொளியிலேயே நாடகம் நடத்த விரும்பிய பிரெக்ட், மக்களை மயக்க அன்று, சிந்திக்க வைக்கவே ஒளியை வேண்டினார்.

"எமது சங்கத்திடம் பணமில்லையே" எனச் சிலர் கூறுவர். ஒரு விளக்கும் ஒரு நண்பனின் முகமும் போதும், பாடம் தொடங்கிவிடும். நேர் முன்னிருந்து ஒளி விழுந்தால் முகம் தட்டையாகும். பக்கத்திலிருந்து விழுந்தால் உருவம் திரளும். கீழிருந்து விழுந்தால் அச்சம் பிறக்கும். இதனை உணர ஒரு மாலைப்பொழுது போதும்.

ஆசிரிய நண்பர்களே! நாடகமும் அரங்கியலும் எமது பாடசாலைகளில் ஒரு பாடமாக இருக்கிறது. ஒளியமைப்பின் பயன்களைக் குறிப்பெழுதி மனனஞ் செய்விப்பதோடு நின்றுவிடாதீர்கள். மின்னறிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு மாணவரை ஏணியில் ஏற்றுங்கள், மாணவியரையும் ஏற்றுங்கள். ஏணி ஆண்களுக்கு மட்டும் உரியதென்று எந்தச் சாத்திரம் கூறுகிறது?

மாணவத் தோழர்களே! எல்லோரும் கதாநாயகராக விரும்பினால் மேடை இருளில் மூழ்கும். அடுத்த நாடகத்தில் உங்களுள் ஒருவர் ஒளிக்கருவியின் அருகே நில்லுங்கள். அவருடைய பெயர் நடிகர் பெயர்களோடு சமமாக அச்சேறவும், உழைப்புக்கு உரிய ஊதியம் கிடைக்கவும் சங்கக் கூட்டத்திலே தீர்மானம் கொண்டுவாருங்கள். அத்தீர்மானத்தை நிறைவேற்றத் தயங்கும் சங்கம், முற்போக்கு என்ற சொல்லைத் தன் பெயர்ப்பலகையிலிருந்து அழித்துவிடட்டும்.