பைத்து ஓதிய வாய்க்குப் பூட்டு எதற்கு?



கவிதையை ஏட்டில் எழுதிவைப்பதோடு நில்லாமல் அதைக் குரலாலும் உடலாலும் பலர் முன் நிகழ்த்தும் கவிஞர் ஒருவர் பள்ளிக்கு வருகிறார் என்று சுற்றறிக்கை வந்தால், நம் வீடுகளில் மூன்று விதமான பேச்சு எழுகின்றது. பாட்டும் மேடையும் மார்க்கத்திற்கு ஆகுமா என்பார் ஒருவர். வயதுக்கு வந்த பெண்பிள்ளை நாலு பேர் முன் நிற்பதா என்பார் இன்னொருவர். காலாண்டுத் தேர்வு நெருங்கும் வேளையில் இது எதற்கு என்பார் மூன்றாமவர். மூவரும் பிள்ளைகள்மீது அன்புள்ளவர்களே. அதனாலேயே அவர்களுக்கு மறுமொழி சொல்லாமல் ஒதுங்கிவிடுவது நமக்கு எளிதாகிவிட்டது. இம்முறை ஒதுங்குவதாக இல்லை.

முதலில் நொச்சிக்குப்பத்திற்குப் போய்வருவோம். மெரினா கலங்கரை விளக்கத்திற்குத் தெற்கே, பட்டினப்பாக்கத்திற்கு முன்னால் கடலை ஒட்டிக் கிடக்கும் மீனவக் குடியிருப்பு அது. மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு நடந்தே போய்விடலாம். நம்மில் பெரும்பாலோர்க்கு அது ஞாயிறு காலையில் மீன் வாங்கும் இடம். வஞ்சிரம் என்ன விலை, சங்கரா இன்று பிடித்ததா என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவோம். மீன் விற்கும் அம்மாவின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

2023 ஏப்ரலில் அந்த அம்மாக்களின் குரலைத் தமிழகமே கேட்டது. லூப் சாலையோர மீன் கடைகளைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுக்க, மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் படகுகளைச் சாலையில் நிறுத்தி மறித்தார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் ஒலிவாங்கியை நீட்டியபோது அப்பெண்கள் எவரும் எழுதிவைத்துப் படிக்கவில்லை. சாலை வருமுன்னரே இந்தக் கரையில் இருந்தவர்கள் தாங்கள் என்னும் ஒரே வாதத்தை ஒவ்வொருவரும் தத்தம் வாழ்விலிருந்து எடுத்துச் சொன்னார்கள். அடுக்கும் தாளமும் எள்ளலும் அழுகையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்த பேச்சு அது. கவியரங்க மேடைகளில் நாம் கைதட்டிய பல கவிதைகளில் அதில் பாதி உயிர்கூட இருந்ததில்லை. 2024 ஆகஸ்டில் அங்கே நவீன மீன் சந்தை திறக்கப்பட்டது. அதன் நிறைகுறைகளைப் பேச வேண்டியவர்கள் அங்கு வியாபாரம் செய்பவர்களே, நாம் அல்லர். ஒன்றை மட்டும் நினைவில் வைப்போம். இதே மெரினாக் கரையை அழகுபடுத்துவதாகச் சொல்லிப் படகுகளையும் வலைகளையும் அகற்ற முற்பட்ட 1985-இல், எதிர்த்து நின்ற மீனவர்கள்மீது காவல்துறை சுட்டு உயிர்கள் போயின. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். வழக்கு அதே வழக்குத்தான். தம் வழக்கைத் தாமே எடுத்துச் சொல்லத் தெரிந்த பெண்கள் அக்கரையில் எப்போதும் இருந்தார்கள் என்பதே அவர்களைக் காத்து நிற்கிறது.

இத்தகைய குப்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குக் கவிஞர் ஒருவர் அழைக்கப்பட்டால், அவரிடம் என்ன கேட்கப்படுகிறது? நெகிழிப் பையை ஒழிப்போம், தலைக்கவசம் அணிவோம், மரம் நடுவோம். இவையே பாடுபொருள்! அரசு விளம்பரப் பலகைக்கு எதுகை மோனை பூட்டுவதற்குக் கவிஞர் வேண்டியதில்லை. கடலில் அப்பாவைத் தேடிக் காத்திருந்த இரவையும், மீன் கூடையோடு பேருந்தில் ஏறிய அம்மா இறக்கிவிடப்பட்ட பகலையும் கண்ட பிள்ளைக்குக் கடல் அழகானது என்று வெளியிலிருந்து ஒருவர் வந்து பாடம் எடுக்கிறார். அந்தப் பிள்ளை சொல்ல வேண்டியதைப் பிள்ளையிடமே கேட்டு, அதைச் சொல்லாக்கி, எழுந்து நின்று உரக்கச் சொல்லக் கற்றுக்கொடுப்பதே நிகழ்த்துக் கவிஞரின் வேலை. ஒரு நாளில் முடியும் வேலை அன்று.

இந்த நகரத்தில் நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. டி.எம். கிருஷ்ணா, நித்யானந்த் ஜெயராமன் முதலியோர் அப்பகுதி மக்களோடு சேர்ந்து 2015-இல் பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கலைவிழாவைத் தொடங்கினார்கள். சபாக்களின் கருநாடக இசையும் பறையும் கூத்தும் ஒரே மணலில் ஒலித்தன. மயிலாப்பூரின் மார்கழி மண்டபங்களுக்கும் குப்பங்களுக்கும் உள்ள தூரம் கிலோமீட்டரில் அளக்கக்கூடியது அன்று என்று அவர்கள் காட்டினார்கள். அவ்விழாவை நாம் மதிக்கிறோம். அதைப் பார்த்து முளைத்த நகல்களைத்தான் மதிக்க முடியவில்லை. ஒரு மாலைக்கு ஒலிபெருக்கி கட்டி, குழந்தைகளை முன்வரிசையில் அமர்த்திப் படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையில் ஆணி பிடுங்கிய மூங்கில்களோடு கலையும் வண்டியேறிவிடுகிறது. கவிஞருக்குப் பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, கைகுலுக்கல். ஒலிபெருக்கிக்காரருக்கு வாடகை உண்டு, பந்தல்காரருக்குக் கூலி உண்டு. கவிஞருக்கு மட்டும் 'சேவை' என்ற பட்டம். நம் சமுதாய விழாக்களும் இதற்கு விலக்கு இல்லை. பிரியாணிக்கு முன்பணம் கொடுப்பவர்கள் கவிஞரைப் பேருந்துக் கட்டணத்திற்குக் காக்கவைக்கிறார்கள்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

கவிஞர்களைப் பற்றிய குர்ஆனின் கடுஞ்சொற்களை நமக்கு எடுத்துக்காட்டுபவர்கள், 'அஷ்ஷுஅரா' அத்தியாயத்தின் 224 முதல் 226 வரையிலான வசனங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். 227-ஆவது வசனம் ஈமான் கொண்டு நற்செயல் புரிந்து, அல்லாஹ்வை அதிகம் நினைவுகூர்ந்து, அநீதி இழைக்கப்பட்ட பின் தற்காத்துக்கொண்ட கவிஞர்களுக்கு விலக்கு அளிக்கிறது. அநீதி இழைக்கப்பட்டவர் என்னும் அச்சொல்லை லூப் சாலையை நினைத்துக்கொண்டு மறுபடி ஓதிப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்காகத் தம் பள்ளிவாசலிலேயே மிம்பர் அமைத்துக் கொடுத்தார்கள். கஅப் பின் ஸுஹைர் (ரலி) தம் கவிதையைப் பாடி நிறுத்தியபோது தம் போர்வையைப் பரிசளித்தார்கள் என்று வரலாறு சொல்கிறது.

இவ்விரண்டையும்விட நம்மை ஆழச் சிந்திக்க வைப்பது ஹிஜ்ரி 7-இல் உம்ரத்துல் களாவின்போது நடந்த நிகழ்ச்சி. நபி (ஸல்) அவர்கள் மக்காவுக்குள் நுழைகிறார்கள். முன்னால் அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி) உரக்கக் கவிதை பாடியபடி நடக்கிறார்கள். அல்லாஹ்வின் தூதர் முன்னிலையில், அதுவும் ஹரம் எல்லைக்குள் கவிதையா என்று உமர் (ரலி) தடுக்கிறார்கள். அவரை விட்டுவிடுமாறு உமருக்குச் சொன்ன நபியவர்கள், அக்கவிதை எதிரிகளை அம்பைவிட விரைவாகத் தைக்கிறது என்று விளக்கமும் தந்தார்கள். அங்கே தடுத்தவர் உமர் (ரலி)! அத்தகையவரின் தயக்கத்துக்கே அந்த மறுமொழி கிடைத்திருக்கிறது. பள்ளி ஆண்டுவிழாவில் ஒரு சிறுவன் தன் தெருவைப் பற்றிக் கவிதை சொல்வதைத் தடுக்க நமக்கு எங்கிருந்து துணிவு வருகிறது?

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இது புதிய பழக்கமும் அன்று. 1572-இல் உருவான வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா' கேள்வியும் விடையுமாக நடப்பது. தனியே முணுமுணுத்துப் படிப்பதற்கு எழுதப்பட்டதன்று. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த மரைக்காயர்கள் புலவரை விருந்தினராக அல்ல, குடும்பத்தில் ஒருவராக வைத்துப் பேணினார்கள். கிஸ்ஸா, நாமா, படைப்போர், முனாஜாத்து என்று நாம் தமிழுக்குக் கொடுத்த வடிவங்கள் ஓதுவதற்கும் பாடுவதற்கும் பிறந்தவை. மவ்லிது ஓதலாமா கூடாதா என்ற வழக்கை இங்கே நாம் கிளறவில்லை. அதற்கு வேறு இடங்கள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் இரு தரப்பாரின் பாட்டன்மாரும் பைத்து ஓதி வளர்ந்தவர்கள் என்பதை இரு தரப்பாரும் மறுக்க முடியாது.

அண்மைக் காலத்தையும் பார்ப்போம். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரிப் பேராசிரியராயிருந்த கவிக்கோ அப்துல் ரகுமான் கவியரங்கத்தை ஒரு கலையாக உயர்த்தினார். கீழக்கரையில் பிறந்த இன்குலாப் சென்னைப் புதுக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். அவருடைய 'மனுசங்கடா' பாடல் கே.ஏ. குணசேகரன் குரலில் சேரிகளையும் ஊர்வலங்களையும் சென்றடைந்தது. இன்குலாபின் கொள்கைகள் அனைத்தையும் நாம் ஏற்கவில்லை. ஏற்காததை மறைக்கவும் தேவையில்லை. ஆயினும் அநீதிக்கு எதிரே ஒரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளையின் குரல் தமிழகத்தின் பொதுக்குரலாக ஆனது என்பதை அவர் மறைந்த 2016-க்குப் பிறகும் நம் பிள்ளைகளுக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

பெண்பிள்ளைகளைப் பற்றிய இரண்டாம் பேச்சுக்கு வருவோம். உண்மையில் வீடுகளில் கனமாக இருப்பது இதுதான். மார்க்கத் தீர்ப்பு ஆலிம்களுக்குரியது. நாம் தீர்ப்பு வழங்கவில்லை. பெண்ணின் குரல் அவ்ரத் அன்று என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து என்பதையும், அன்னை ஆயிஷா (ரலி) ஹதீஸோடு அரபுக் கவிதையிலும் ஆழ்ந்த அறிவு கொண்டிருந்தார்கள் என்பதையும் அந்த ஆலிம்களிடமே கேட்டுத் தெளியலாம். கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா, தென்காசி ரசூல் பீவி, இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள் ஆகியோர் ஞானப் பாடல்கள் பாடியவர்கள். இப்பெயர்களை நம் பெண்பிள்ளைகள் எந்த வகுப்பிலும் கேட்பதில்லை.

துவரங்குறிச்சி சல்மாவின் வாழ்வை எல்லோரும் அறிவர். பதின்மூன்று வயதில் பள்ளி நிறுத்தப்பட்டது. திருமணத்திற்குப் பின்னும் வீட்டாருக்குத் தெரியாமல் எழுதினார், புனைபெயரில் அச்சேறினார். பின்னாளில் பேரூராட்சித் தலைவரானார், நாவல் எழுதினார், இன்று மாநிலங்களவை உறுப்பினர். அவர் எழுத்தில் உடன்படாதவர்கள் நம்மில் உண்டு, உடன்படாமலிருக்கும் உரிமையும் உண்டு. ஆனால் ஒளித்து எழுத வைத்தது யார்? வீட்டில் வெளிப்படையாகப் பேச இடம் கொடுத்திருந்தால், அவர் சொற்களில் இவ்வளவு கசப்பு ஏறியிருக்குமா என்று அவரைக் குறைகூறுவோர் ஒரு முறையேனும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பதின்மூன்று வயது என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1958-இல் பிறந்த பெஞ்சமின் செபனாயா எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாமல் அதே பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு வெளியேறியவர். மேடையில் சொல்லிச் சொல்லியே கவிஞரானார். பின்னர் பள்ளி பள்ளியாகச் சென்று, தம்மைப் போலவே கடைசி வரிசையில் அமர்ந்திருந்த பிள்ளைகளை எழுப்பி நிறுத்தினார். 2003-இல் பிரிட்டிஷ் அரசின் விருதைப் பேரரசின் அடிமை வாணிகத்தை நினைவூட்டி மறுத்தார். அவர் 2023 டிசம்பர் 7 அன்று மறைந்தார். அதற்கு முந்தைய நாள் காஸாவில் குண்டுவீச்சில் ஷஹீதானார் ரிஃப்அத் அல்அரீர், காஸா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் கவிதை கற்பித்த ஆசிரியர். அவர் கவிதையை உலகெங்கும் தெருக்களில் நின்று மக்கள் உரக்கப் படித்தார்கள், நம் பிள்ளைகளும் கைப்பேசியில் பகிர்ந்தார்கள். காஸாவின் கவிதையைப் பகிரலாம், தன் தெருவின் கவிதையைச் சொல்லக் கூடாது என்பது என்ன நியாயம்?

மதிப்பெண் பற்றிய மூன்றாம் பேச்சுக்கு நீண்ட மறுமொழி வேண்டியதில்லை. நேர்காணலில் வாய் திறக்க முடியாமல் திரும்பி வந்த பட்டதாரி நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. நம் அறக்கட்டளைகள் நடத்தும் பள்ளிகளில் கிராஅத் போட்டியும் பேச்சுப் போட்டியும் உண்டு. பேச்சைப் பெரும்பாலும் ஆசிரியர் எழுதிக் கொடுக்கிறார், பிள்ளை ஒப்பிக்கிறது, பரிசும் கிடைக்கிறது. அந்தப் பரிசு யாருக்குரியது என்பதை நிர்வாகிகள் யோசிக்கட்டும்.

நாம் கேட்பது பெரிதன்று. வாரத்திற்கு ஒரு பாடவேளை. ஒரு கல்வியாண்டு முழுவதும் அதே கவிஞர். அவருக்கு உடற்பயிற்சி ஆசிரியருக்குத் தருவதைப் போன்ற முறையான ஊதியம். பெண்பிள்ளைகளுக்கு அவர்கள் விரும்பினால் பெண் கவிஞர், தாய்மார்கள் அமர்ந்திருக்கும் அவை. பிள்ளைகள் எழுதியதில் மார்க்க வரம்பு மீறியதைத் திருத்த ஆசிரியருக்கு உரிமை உண்டு. நிர்வாகத்தைச் சுடுவதைத் திருத்த உரிமை இல்லை. கழிப்பறையில் தண்ணீர் வராததை ஒரு சிறுமி கவிதையாகச் சொன்னால், வரியை வெட்டாமல் குழாயைச் சரிசெய்ய வேண்டும்.

வரும் மீலாது மேடைக்கான அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் ஜமாஅத் நிர்வாகிகள் ஒன்று செய்யலாம். சிறப்புரையாளர் பட்டியலில் ஆறு பேர் இருந்தால் ஐந்தாகக் குறைத்து, அந்த அரை மணி நேரத்தை மஹல்லாவின் பிள்ளைகளுக்கு, அவர்கள் தாமே எழுதிய சொற்களுக்கு ஒதுக்கலாம். நொச்சிக்குப்பத்துப் பிள்ளைகள் சிலரையும் பெற்றோரோடு விருந்தினராக அழைக்கலாம். அவர்களை முன்வரிசையில் அமர்த்திப் படம் எடுக்க வேண்டாம். மேடைக்கு அழைத்து ஒலிவாங்கியைக் கையில் கொடுப்போம். அவர்கள் அம்மாக்களிடம் ஞாயிறுதோறும் விலை கேட்ட நாம், அன்று கீழே அமர்ந்து கேட்போம்.